தர்மபுரி ஆயாக்களுக்கு: பசும்பால் ஒரு வயது வரை பொறுக்கட்டும்

பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று நம் மாவட்டம் முழுக்க, வேலைக்குப் போகும் மகளின், மருமகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் அவ்வாக்களுக்கும்,



தாய்ப்பாலைப் பற்றிய புத்திமதி எல்லாம் தாய்க்குத்தான் சொல்லப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டிய படத்திலும் தாயும் பிள்ளையும்தான் இருப்பார்கள். ஆனால் கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபிறகு, பத்து மணிக்குப் பிள்ளை பசித்து அழும்போது அடுப்பங்கரையில் நிற்பது நீங்கள். சங்கில் எதை ஊற்றுவது என்று முடிவு செய்வதும் நீங்கள். அந்த முடிவைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. நானும் இதே மாவட்டத்தில் பிள்ளையை மாமியார் மடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். அந்த மடி இல்லாமல் எங்களில் யாரும் வேலைக்குப் போயிருக்க முடியாது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை தாய்ப்பாலின் இடத்தில் பசும்பாலை வைக்காதீர்கள். அதிலும் தண்ணீர் கலந்த பசும்பாலை வைக்கவே வைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். எல்லா ஊருக்கும் பொருந்தும் காரணங்கள் சில உண்டு. நம் மாவட்டத்துக்கென்றே தனியாக ஒரு காரணமும் உண்டு.

பிள்ளை பிறந்து எத்தனை மாதத்தில் தாய் வேலைக்குத் திரும்புகிறாள் என்பது ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு. அந்த வீட்டில் இந்தக் கேள்வி பெரிதாக எழாது. ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகிறவளுக்கு 2017-ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவளுக்குப் பிள்ளை பிறந்தபின் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். சட்டத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இடிக்கிறது. செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறிக்கவும் போகிறவளுக்கோ விடுப்பு என்ற பேச்சே கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் தவணையாக வருகிறது. அது நல்ல உதவி. ஆனால் அதை வைத்து ஆறு மாதம் ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. ஆகவே பிள்ளையை விட்டுவிட்டு அவள் போவது ஆசைப்பட்டு இல்லை என்பதை நீங்கள் யாரைவிடவும் நன்றாக அறிவீர்கள்.

கொட்டகையில் பசு நிற்கிறது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் முன் பேரனுக்கென்று ஒரு சொம்பு எடுத்து வைக்கிறீர்கள். நம் வீட்டு மாடு, நாம் போட்ட புல், நம் கையால் கறந்த பால், இதைவிட நல்லது எது என்று தோன்றுவது இயல்பு. ஒரு பங்கு பாலுக்கு ஒரு பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை என்று உங்கள் காலத்தில் டாக்டர்களும் நர்சுகளுமே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள்தானே இன்று வேலைக்குப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்பதும் சரிதான். ஆனால் அப்படி வளர்ந்தவர்களில் எத்தனை பேர் சோகை பிடித்து வெளுத்துப்போய் இருந்தார்கள், எத்தனை பேர் அடிக்கடி வயிற்றோட்டத்தில் படுத்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பசுவின் பால் கன்றுக்கானது. கன்று ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். நம் பிள்ளைக்கு அதற்கு நாலைந்து மாதம் பிடிக்கும். அந்த வேகத்துக்கு ஏற்றபடி பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. உப்புச் சத்துகளும் அதே போல அதிகம். இவ்வளவையும் வெளியேற்றப் பிள்ளையின் சிறுநீரகம் நிறையத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் பிள்ளைக்குக் காய்ச்சலோ பேதியோ வந்தால் உடம்பு சீக்கிரம் வறண்டுபோக இதுவும் ஒரு காரணமாகிறது.

அடுத்தது இரும்புச்சத்து. தாய்ப்பாலிலும் இரும்பு கொஞ்சம்தான், பசும்பாலிலும் கொஞ்சம்தான். வித்தியாசம் உடம்பு எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. தாய்ப்பாலில் இருப்பதில் பாதியளவு பிள்ளையின் உடம்பில் சேர்கிறது. பசும்பாலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் அதிகம். போதாததற்குப் பசும்பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மற்றச் சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பையும் தடுக்கிறது. ஒரு வயதுக்குள் பசும்பால் அதிகம் குடிக்கும் சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தமும் கசிகிறது. பிள்ளை கொழுகொழு என்று இருக்கும். ஆனால் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. அதற்குப் பசும்பால் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சோகையைக் கொண்டுவரும் வழிகளில் அதுவும் ஒன்று.

இனி நம் மாவட்டத்துக் காரணத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

நம் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. பழுப்பேறிய பற்களோடு வயதுக்கு வந்த பிள்ளைகளையும், முழங்கால் வளைந்து தடி ஊன்றி நடக்கும் பெரியவர்களையும் பார்த்துக்கொண்டேதான் நாம் வளர்ந்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி, 2013-ல் காவிரித் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர் வருகிற வீட்டில் கவலை குறைவு. வராத நாளில், வராத தெருவில், கை நீள்வது போர்க் கிணற்றுத் தண்ணீருக்குத்தான்.

தாய் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தாலும் அவள் பாலில் இறங்குவது மிகச் சொற்பம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவள் உடம்பு பிள்ளைக்காக அதை வடிகட்டி நிறுத்துகிறது. இப்போது பிள்ளை ஒரு நாளைக்கு 800 மி.லி. குடிக்கிறது என்று கணக்குப் போடுங்கள். முழுக்கத் தாய்ப்பாலானால் உள்ளே போகும் ஃபுளோரைடு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதே 800 மி.லி.-யில் பாதி பசும்பால், பாதி போர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிணற்றில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால், தண்ணீரிலிருந்து மட்டுமே 0.8 மில்லிகிராம் போகிறது. ஏறக்குறைய நூறு மடங்கு! பெரியவர்கள் குடிக்கும் தண்ணீருக்கே லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஐந்து, ஆறு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இந்த அளவு எப்படித் தாங்கும்?

நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே கலக்கிறோம் என்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிஞ்சும் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதன் விளைவு அன்றைக்குத் தெரிவதும் இல்லை. பால் பல் விழுந்து முளைக்கப் போகும் நிலையான முன்பற்களின் மேற்பூச்சு, பிள்ளை தவழும் பருவத்திலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் சேரும் ஃபுளோரைடு ஏழெட்டு வயதில் முளைக்கும் பல்லில் கறையாக வெளிப்படும். அப்போது அந்தச் சங்குப் பாலோடு யாரும் அதை முடிச்சுப்போட மாட்டார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைக்குத் தாய்ப்பால் உணவாகவும் இருக்கிறது, இந்தத் தண்ணீருக்கு நடுவே நிற்கும் தடுப்பாகவும் இருக்கிறது. வேறு மாவட்டத்தாருக்கு இவ்வளவு அழுத்தி இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

தண்ணீர் சேர்ப்பதில் இன்னொரு கேடும் உண்டு. பாதிக்குப் பாதி தண்ணீர் என்றால் பிள்ளைக்குப் போகும் சத்தும் பாதி. வயிறு நிறையும், எடை ஏறாது.

சரி, அவள் ஏழு மணிக்குப் போய் ஆறு மணிக்குத்தான் வருகிறாள், நான் என்ன கொடுப்பது என்பது நியாயமான கேள்வி. முதல் பதில் அவள் பாலேதான், பீய்ச்சி எடுத்து வைத்தது. இதற்கு உங்கள் துணை இல்லாவிட்டால் நடக்காது. வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதே பழக்கத் தொடங்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரில், கையாலேயே பீய்ச்சலாம். மெஷின் கட்டாயமில்லை. முதல் நாளில் நாலு ஸ்பூன்தான் வரும். அதைப் பார்த்து “உனக்குப் பாலே இல்லையே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் மனம் விட்டுப் பால் கொடுப்பதையே நிறுத்தியவர்கள் உண்டு. பீய்ச்சப் பீய்ச்சத்தான் பால் ஊறும். பீய்ச்சி வைத்த பால் தண்ணியாக, லேசான நீல நிறத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் கொழுப்பு மேலே ஏடாகப் பிரியும். அது கெட்டுப்போனது இல்லை. டம்ளரை லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். பசும்பாலின் கெட்டியோடு அதை ஒப்பிடாதீர்கள். பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பதம்தான்.

தாய் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மி.லி. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து மணி நேரம் என்றால் 300-லிருந்து 450 மி.லி. வரை. நம் வெயிலுக்கு, வெளியில் மூடி வைத்த பாலை நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரத்துணி சுற்றிய பானைத் தண்ணீருக்குள் டம்ளரை நிறுத்தி வைப்பது நல்லது. ஆனாலும் நாலு மணிக் கணக்கை மீற வேண்டாம். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரை வைத்துக் குளிர் போக்கினால் போதும். பிள்ளை குடித்து மிஞ்சியதை எடுத்து வைக்காதீர்கள்.

எதில் கொடுப்பது? உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் சங்கில், பாலாடையில். பெரிய ஆஸ்பத்திரிகளில் எடை குறைந்து பிறந்த பச்சைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க நர்சுகள் எடுப்பதும் பாலாடையைத்தான். பாட்டிலைவிடக் கழுவுவது எளிது, அழுக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை, பிள்ளை ரப்பருக்குப் பழகித் தாயின் மார்பை மறுப்பதும் இல்லை. 1992-லிருந்து பால் பாட்டிலுக்கும் குழந்தைப் பால் மாவுக்கும் விளம்பரம் செய்ய நம் நாட்டில் சட்டத்தில் தடை இருக்கிறது. அவ்வளவு தூரம் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். நிமிர்த்தி மடியில் சாய்த்து, உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கக் கொடுங்கள். அவசரப்படாதீர்கள். சில பிள்ளைகள் பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, தாய் வந்ததும் இரவு முழுக்க விடாமல் குடிக்கும். பிடிவாதம் என்று நினைத்துத் தாயிடமிருந்து பிரித்துத் தூங்க வைக்காதீர்கள். இரவில் அப்படிக் குடிப்பதுதான் அவளுக்குப் பால் வற்றாமல் காக்கிறது.

ஆறு மாதம் முடிந்துவிட்டால் உங்கள் பாடு பாதி குறைந்துவிடும். அதன்பிறகு பகல் பசிக்குச் சோறு இருக்கிறது. இந்த இடத்தில் உங்கள் கைப்பக்குவத்துக்கு முன்னால் எந்த டப்பா மாவும் நிற்காது. முளைகட்டிய ராகியை அரைத்துப் பிழிந்து காய்ச்சிய ராகிப்பால், குழைத்த பருப்புச் சோறு, கீரை மசியல், மசித்த முட்டை. கறி சாப்பிடும் வீடானால் வெந்த ஈரலை நசுக்கிக் கொஞ்சம். ராகி நம் மண்ணில் விளைகிறது. நம் மாவட்டத்து ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கவும் தொடங்கினார்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை மாட்டுக்கு வைத்துவிடாமல் பிள்ளைக்கே கிண்டிக் கொடுங்கள். கெட்டியாகக் கொடுங்கள், கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது. ராகியைக் கரைக்கும் தண்ணீரும் காவிரித் தண்ணீராக இருக்கட்டும். ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் அரசே கொடுக்கிறது. நர்சம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். தேனும் கழுதைப்பாலும் வேண்டாம். தேனில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் விஷமாகும் கிருமி இருக்கலாம். தெருவில் கறந்து தரும் பச்சைக் கழுதைப்பாலில் எந்தக் கிருமி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பருவத்தில் சாப்பாட்டோடு ஒரு கரண்டி தயிர் பிசைந்தால் குற்றமில்லை. சாப்பிட்டபின் வாந்தி, உடம்பில் தடிப்பு, மலத்தில் இரத்தம் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லா வீட்டிலும் இது ஒத்துவராது என்பதும் எனக்குத் தெரியும். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன மகள் மாதம் ஒரு முறைதான் வருகிறாள் என்றால் பீய்ச்சி வைத்த பாலுக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட பிள்ளை ஆறு மாதத்துக்குக் கீழே என்றால், முடிந்தவரை தாயோடு அனுப்பப் பாருங்கள், நீங்களும் கூடப் போக நேர்ந்தாலும் சரி. முடியவே இல்லையென்றால் டாக்டரைக் கேட்டுப் பால் மாவு. டப்பாவில் எழுதிய அளவு குறையாமல், காய்ச்சி ஆறிய காவிரித் தண்ணீரில் கரைக்க வேண்டும். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று மாவைக் குறைத்தால், பாதித் தண்ணீர் கலந்த பசும்பால் கதைதான். ஆறு மாதத்துக்கு மேல், தாய்ப்பால் அறவே கிடைக்காத பிள்ளைக்குக் காய்ச்சிய விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். கூடவே இரும்புள்ள சாப்பாடும் சிரப்பும் தவறாமல் போக வேண்டும். அந்த நிலையில் இருக்கும் ஆயா, இந்த மடலைப் படித்துவிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டாம். உங்களிடம் இருப்பதை வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிறீர்கள்.

ஒரு வயது முடிந்ததும் உங்கள் பசுவின் பாலை ஆசை தீரக் கொடுங்கள். காய்ச்சி, தண்ணீர் சேர்க்காமல், டம்ளரில். கடைப் பால் வாங்குகிறவர்கள் இரண்டு வயது வரை கொழுப்பு குறைத்த பாக்கெட்டை விட்டுவிட்டுக் கொழுப்புள்ளதை வாங்கலாம். ஒரு நாளைக்கு 400 மி.லி. போதும், அதிலும் தயிர், மோர் சேர்த்தி. அதற்கு மேல் போனால் பாலிலேயே வயிறு நிறைந்து, பிள்ளை சோற்றைத் தள்ளும், மலம் இறுகும். இரண்டு வயது வரை காலையிலும் இரவிலும் தாய்ப்பாலும் தொடரட்டும்.

இதில் உங்கள் கையை மீறிய பங்கு ஒன்று இருக்கிறது. கம்பெனியில் அவளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பால் பீய்ச்ச இடமும் நேரமும் வேண்டும். இல்லாவிட்டால் மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், சில வாரத்தில் பாலும் வற்றும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, ஓய்வு நேரம் போகப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டத்தில் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை அங்கே போய்வர விட வேண்டும் என்றும் 2017-ல் எழுதிவிட்டார்கள். நடைமுறையில் கழிவறையில் நின்றுகொண்டு பாலைப் பீய்ச்சித் தொட்டியில் கொட்டிவிட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் ஒரு வேளைச் சோறு அப்படிச் சாக்கடைக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. 2015-ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கென்று பாலூட்டும் அறைகளை அரசு திறந்தது. பஸ் நிலையத்தில் முடிந்தது தொழிற்சாலையில் முடியாதா? உங்கள் மகள் மேலாளரிடம் இதைக் கேட்கத் தயங்குவாள், வேலை போய்விடுமோ என்று. நாலு பேர் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

ஊரில் கேட்க வேண்டியதை நீங்களே கேட்கலாம். ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராமசபை கூடுகிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வாருங்கள். நம் ஊரின் ஒவ்வொரு போரிலும் ஃபுளோரைடு எவ்வளவு என்று சோதித்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் தினம் இரண்டு குடமாவது உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அங்கன்வாடி இரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் கதவைத் திறக்கிறது. ஆறு மாதப் பிள்ளையையும் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை அங்கன்வாடியோடு சேர்த்து நடத்த மத்திய அரசின் பால்னா திட்டத்தில் இடம் இருக்கிறது. அது நம் ஊருக்கு எப்போது வரும் என்று சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்களில் ஒருத்தி